பாலைவனப் பயணத்தில் நடக்க ஒரே ஒரு நாள்: ஸயானா, பிரைஸா, கிராண்ட் கேன்யனா?

செப்டம்பர் வந்தால் போதும், சிங்கப்பூரில் தெரிந்தவர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்வி வரத் தொடங்கிவிடும். லாஸ் ஏஞ்சலிஸுக்கு டிக்கெட் போட்டாச்சு, வாடகைக் காரும் சொல்லியாச்சு, வேகஸ், யூட்டா, அரிஸோனா என்று ஒரு வாரம் சுற்றப் போகிறோம், அதில் ஒரு நாளை நடப்பதற்கு ஒதுக்கியிருக்கிறோம், யூட்டாவின் ஸயான், பிரைஸ், அரிஸோனாவின் கிராண்ட் கேன்யன் என்ற தேசியப் பூங்காக்களில் எங்கே நடக்கலாம்? கூடவே ஒரு படமும் வரும். பெரும்பாலும் ஸயானின் ஏஞ்சல்ஸ் லேண்டிங் பாறையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு யாரோ நிற்கிற படம்.

அந்தப் பக்கம் நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை நண்பர்கள் மூவரோடு, அக்டோபர் முதல் பாதியில். அடுத்த முறை அம்மா, அக்கா, அத்தான், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதி முடித்திருந்த அக்கா மகள் என்று குடும்பமாக, நவம்பர் கடைசியில். இரண்டும் இலையுதிர் காலம்தான். ஆனால் முதல் பயணத்தில் தொப்பி தேடினோம், இரண்டாவதில் கையுறை தேடினோம். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது தேதியை. அடுத்துக் கேட்பது, உங்களில் மெதுவாக நடப்பவர் யார் என்று.

எதை வைத்து அளப்பது

நிறையப் பேர் தூரத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஐந்து கிலோமீட்டரா, இங்கே மெக்ரிட்சிக் காட்டில் ட்ரீடாப் வாக் தொங்குபாலம் போய்வந்தாலே பத்து வருமே என்பார்கள். தூரம் கடைசியில் பார்க்க வேண்டியது. அதற்கு முன்னால் நான்கு விஷயம் இருக்கிறது.

முதலாவது, ஏற்றம் எந்த நேரத்தில் வருகிறது என்பது. நம் புக்கிட் தீமா குன்றில் முதலில் ஏறுகிறோம். 163 மீட்டர் உச்சியைத் தொட்டபின் வீடு திரும்புவது இறக்கம்தான். நடுவில் முடியவில்லை என்றாலும் திரும்பிவிடலாம், புவியீர்ப்பு நம் பக்கம். கேன்யனில் கணக்கு தலைகீழ். கார் மேலே நிற்கும். காலையில் தெம்பாக இறங்கிவிடுவோம். வெயில் ஏறி, புட்டியில் தண்ணீர் குறைந்து, முட்டி லேசாக நடுங்கும்போது ஏற வேண்டியிருக்கும்.

இரண்டாவது, உயரமும் காய்ந்த காற்றும். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரைஸ் கேன்யனின் விளிம்பு 2,400 முதல் 2,700 வரை. ஸயான் பள்ளத்தாக்கின் தரை மட்டும் 1,200 மீட்டரை ஒட்டி. நாம் கடல் மட்டத்துக்காரர்கள், ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். காய்ந்த காற்று இன்னும் ஏமாற்றுவது. இங்கே வியர்த்தால் சட்டை முதுகில் ஒட்டும், தாகம் தெரியும். அங்கே வியர்வை தோலில் தங்குவதே இல்லை, வியர்க்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருப்போம். இரண்டாம் நாள் காலையில் உதடு வெடிக்கும். எங்கள் நால்வரில் ஒருவருக்கு மூக்கிலிருந்து இரத்தமே வந்துவிட்டது. பயந்துபோய்க் கிளினிக் தேடினோம்; விடுதிக்காரர் சிரித்துக்கொண்டே வாசலின் டப்பாவை நீட்டினார்.

மூன்றாவது, வெளிச்சம். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது உடம்பிலேயே ஊறாத விஷயம். நமக்கு வருடம் முழுக்க ஏழு மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. யூட்டாவில் அக்டோபர் நடுவில் ஆறே முக்கால், ஏழு மணி. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள்; அதற்கப்புறம் மாத இறுதியில் ஐந்தேகாலுக்கே அஸ்தமனம். இதில் ஒரு சிக்கல் வேறு. அரிஸோனாவின் பெரும்பகுதி இந்தக் கடிகார மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை. அதனால் அக்டோபரில் யூட்டாவிலிருந்து கிராண்ட் கேன்யனுக்குப் போனால் அங்கே ஆறு மணிக்கே இருட்டிவிடும்.

நான்காவது, அனுமதியும் பணமும். இதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் 2026இல் நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களுக்குக் கணக்கே மாறிவிட்டது.

ஒரே பார்வையில்

| பாதை | போய்வரத் தூரம் | ஏற்றம் | சிரமம் எப்போது | முன்அனுமதி |
|---|---|---|---|---|
| நேரோஸ் (ஸயான்) | விருப்பம்போல், அதிகபட்சம் 16 கி.மீ. | சொற்பம் | தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க | வேண்டாம் |
| ஏஞ்சல்ஸ் லேண்டிங் (ஸயான்) | 8.7 கி.மீ. | சுமார் 450 மீ. | மேலே, சங்கிலிப் பகுதியில் | குலுக்கல் |
| சவுத் கைபாப், சீடர் ரிட்ஜ் வரை (கிராண்ட் கேன்யன்) | 4.8 கி.மீ. | சுமார் 340 மீ. | திரும்பும்போது | வேண்டாம் |
| குவீன்ஸ் கார்டன் – நவஹோ (பிரைஸ்) | 4.6 கி.மீ. | சுமார் 180 மீ. | கடைசி அரைமணி நேரம் | வேண்டாம் |

நேரோஸ்: ஆறேதான் பாதை

ஸயான் பள்ளத்தாக்கின் கடைசிப் பேருந்து நிறுத்தம் டெம்பிள் ஆஃப் சினவாவா. அங்கிருந்து ஆற்றங்கரையை ஒட்டி ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தளமிட்ட பாதை போகிறது. அது முடியும் இடத்தில் நான்கைந்து படி இறங்கினால் வர்ஜின் ஆறு. அப்புறம் பாதை என்று ஒன்று கிடையாது, ஆற்றுக்குள்தான் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கிக்கொண்டே வரும், சில இடங்களில் அகலம் ஏழெட்டு மீட்டர், உயரம் முந்நூறு மீட்டர். எதிர்நீச்சல் திசையில் பிக் ஸ்பிரிங் வரை பெர்மிட் இல்லாமல் போகலாம். யாருக்கு எப்போது போதும் என்று தோன்றுகிறதோ அங்கே திரும்பிவிடலாம். ஏற்றமும் இல்லை, உயரக் கோளாறும் பெரிதாக இல்லை.

கேட்கச் சுலபமாக இருக்கிறது அல்லவா? தரையைப் பாருங்கள். உரித்த தேங்காய் அளவில் கற்கள், மேலே வழவழவென்று பாசி, நீர் கலங்கலாக இருந்தால் ஒன்றும் தெரியாது. கோலை முன்னால் ஊன்றி, அது நின்றுவிட்டது என்று உறுதியான பிறகு ஒரு காலை எடுத்து வைத்து, அதுவும் நின்ற பிறகு அடுத்த கால். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆவது சாதாரணம். வெயில் அடி வரை விழுவது நாளில் கொஞ்ச நேரம்தான். அக்டோபர் பிற்பாதியில் தண்ணீர் 10 டிகிரியை ஒட்டி இருக்கும்.

எங்களில் ஒருவர் வாடகைக் காலணி வேண்டாம், என் ஓட்டக் காலணியே போதும் என்று பிடிவாதம் பிடித்தார். பூங்கா எல்லையில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊர்க் கடைகளில் நீர்க்காலணி, நியோப்ரீன் காலுறை, மரக்கோல் மூன்றும் சேர்த்துத் தலைக்கு ஏறக்குறைய முப்பது, நாற்பது டாலர் கேட்பார்கள். அதை மிச்சம் பிடித்தவர் இருபதாவது நிமிடத்தில் ஒரு மணல் திட்டில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிள்ளுறது தெரியுது, ஆனா என் விரல் மாதிரி தெரியல" என்றார். அவரோடு ஒருவர் திரும்பினார். நானும் இன்னொருவரும் மட்டும் ஆர்டர்வில் கேன்யன் வந்து சேரும் இடம் வரை போனோம், ஆற்றில் இறங்கியதிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். நான்கு பேர் சேர்ந்து செய்யப் போன நடையை இருவர்தான் செய்தோம். நவம்பர் என்றால் காலணி மட்டும் போதாது, உடம்பை நனையவிடாத உலர் உடையும் எடுக்க வேண்டும், வாடகை இரண்டு மடங்காகும்.

இன்னும் இரண்டு விஷயம். மழைக்காலத் திடீர் வெள்ளம் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை அதிகம். நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே மேற்பகுதியில் பெய்த மழை வந்து சேர்ந்துவிடும். 2015 செப்டம்பரில் இதே ஸயானில், கீஹோல் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் அப்படி வந்த வெள்ளத்தில் 7 பேர் இறந்தார்கள். அக்டோபரில் ஆபத்து குறைவு, ஆனாலும் காலையில் பூங்காவின் வெள்ள எச்சரிக்கையைப் பார்க்காமல் இறங்காதீர்கள். ஓட்டம் வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் அவர்களே மூடிவிடுவார்கள். அடுத்தது, அந்த ஆற்றில் நச்சுப் பாசி பற்றிய அறிவிப்பு சில ஆண்டுகளாக இருக்கிறது. முகம் கழுவுவது, தலையை முக்குவது, குழந்தைகள் தண்ணீர் தெளித்து விளையாடுவது எதுவும் வேண்டாம்.

அக்டோபர் நடுவுக்கு முன், பெரியவர்கள் மட்டும் போகும் குழு என்றால் இதற்கு இணை இல்லை என்றே சொல்வேன். சிங்கப்பூரில் மட்டுமல்ல, ஆசியாவில் நான் பார்த்த எதிலும் இப்படி ஓர் இடம் இல்லை. சின்னப் பிள்ளைகள் இருந்தால், அல்லது நவம்பர் என்றால், தளமிட்ட பாதை வரை போய்த் திரும்புங்கள். அதுவே அழகுதான், காட்டன்வுட் மரங்கள் அங்கே மஞ்சளாவதும் அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில்தான். கடைசிப் பேருந்து நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். தவறவிட்டால் நுழைவாயில் வரை பன்னிரண்டு கிலோமீட்டர் நடை.

ஏஞ்சல்ஸ் லேண்டிங்: சங்கிலிக்கு முன்னால் குலுக்கல்

2022 ஏப்ரல் முதல் இதற்குப் பெர்மிட் கட்டாயம். செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான நாட்களுக்கு ஜூலையில் குலுக்கல் நடக்கும். அதை விட்டவர்கள் நடப்பதற்கு முந்தைய நாள் இன்னொரு குலுக்கலில் சேரலாம், மாலை மூன்று மணிக்குள் விண்ணப்பித்தால் நான்கு மணிக்கு முடிவு. விண்ணப்பத்துக்கு 6 டாலர், கிடைத்தால் தலைக்கு 3 டாலர்.

நாங்கள் நாலாம் எண் மேசையில் பீட்சா ஆறிக்கொண்டிருக்க, நான்கு மணிக்கு நான்கு கைப்பேசியையும் பார்த்துக்கொண்டிருந்தோம். கிடைக்கவில்லை. மறுநாள் ஸ்கவுட் லுக்அவுட் வரை ஏறினோம், அதுவரை பெர்மிட் தேவையில்லை. 1926இல் பாறையைக் குடைந்து கட்டிய 21 கொண்டை ஊசி வளைவுகள் அந்த வழியில்தான் இருக்கின்றன. சங்கிலிப் பகுதி தொடங்குவது அதற்கு மேலே. ஸ்கவுட்டிலிருந்து மேற்கு விளிம்புப் பாதையில் இன்னும் கொஞ்சம் ஏறினால் ஏஞ்சல்ஸ் லேண்டிங்கையே பக்கவாட்டில் பார்க்கலாம், கத்தி முனைபோல் நிற்கும் அந்தப் பாறைமேல் எறும்பு வரிசையாக ஆட்கள். மேலே நிற்பவர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்காது என்று நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம்.

சரி, பெர்மிட் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் குழுவில் ஒருவருக்காவது மெக்ரிட்சி தொங்குபாலத்தில் கால் கூசுமா? அப்படியென்றால் அவர் ஸ்கவுட்டில் தனியாகக் காத்திருக்க வேண்டும், மற்றவர்கள் எதிரும் புதிருமாக ஒரே சங்கிலியில் வழிவிட்டு வழிவிட்டுப் போய்வரும் வரை. காற்று பலமாக இருந்தாலோ பாறை ஈரமாக இருந்தாலோ பெர்மிட்டை மறந்துவிட வேண்டும். இதன் ஒரு நல்ல பக்கம், ஏற்றம் முதலிலேயே முடிந்துவிடுகிறது, புக்கிட் தீமா மாதிரி. உடம்பு பயிற்சியில் இருக்கும் இளைஞர்களுக்கு ஏற்றது. இதை நம்பியே மொத்தப் பயணத்தையும் வகுப்பதுதான் தப்பு.

சவுத் கைபாப்: இறங்கும்போது யாரும் களைப்பதில்லை

கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: அங்குள்ள வசதிகளை வழக்கமாக அக்டோபர் நடுவில் மூடிவிடுவார்கள், 2025 காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதியும் எரிந்துபோனது. இங்கே பேசுவது தெற்கு விளிம்பு.

தெற்கு விளிம்பில் பிரைட் ஏஞ்சல், சவுத் கைபாப் என்று இரண்டு பெயர்கள் அடிபடும். ஒரு நாள்தான் என்றால் நான் கைபாப் பக்கம். அது மலைமுதுகின்மேல் போகிறது, முதல் வளைவுகள் முடிந்ததும் இரண்டு பக்கமும் திறந்துவிடும். ஒன்றரைக் கிலோமீட்டரில் ஊ ஆ பாயிண்ட். அங்கே வந்தவர்கள் எழுப்பும் சத்தமே அதன் பெயர். இன்னும் சற்றுக் கீழே போனால், விளிம்பிலிருந்து மொத்தம் 2.4 கிலோமீட்டரில், சீடர் ரிட்ஜ். சிவப்பு மண், சில கருவேப்பிலைச் செடி உயர மரங்கள், ஒரு கழிப்பறை. அதற்கும் கீழே ஸ்கெலிட்டன் பாயிண்ட். அங்கிருந்துதான் கொலராடோ ஆறு முதன்முதலாகக் கண்ணில் படும், அது போய்வர 9.6 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டருக்கு மேல். ஆறு வரை இறங்கி அதே நாளில் திரும்புவதை வேண்டவே வேண்டாம் என்று பூங்காவே எச்சரிக்கிறது.

இந்தப் பாதையில் தண்ணீர் கிடையாது. ஒரு சொட்டுக் கூட. நிழலும் இல்லை. அக்டோபரில் விளிம்பில் பகலில் 18 டிகிரி, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தொடங்குவோம். இறங்க இறங்கச் சூடு ஏறும், ஆற்றங்கரையில் அதே நேரம் 29 டிகிரி. குளிரில் தொடங்கியதால் தண்ணீரை அரை லிட்டர் போதும் என்று எடுத்துக்கொண்டு இறங்கியவர்களை ஏறும் வழியில் நிறையப் பார்த்தோம். ஒரு பெண்மணி, நம் ஊர் ஜாடை, பாறையோரம் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அவரிடம் நிறையவே இருந்தது, குடித்துக்கொண்டேதான் இருந்தாராம், ஆனால் தலை சுற்றுகிறது என்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. என் பையில் சிங்கப்பூர் தேக்காச் சந்தையில் வாங்கிய முறுக்கு இருந்தது. நான்கைந்து முறுக்கைக் கொறித்து, கால் மணி நேரம் உட்கார்ந்தபின் எழுந்து நடந்தார். உப்பு இல்லாமல் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து என்று அந்தப் பாதையின் தொடக்கத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள், யாரும் நின்று படிப்பதில்லை. மிக்சர், முறுக்கு, வறுத்த கடலை, நம் வீட்டுத் தின்பண்டம் எல்லாமே இதற்கென்று செய்ததுபோல் இருக்கும். அமெரிக்கச் சுங்கத்தில் உணவு கொண்டுவருகிறேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

நேரக் கணக்கு: இறங்க ஆன நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஏற ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சீடர் ரிட்ஜுக்கு இறங்க நாற்பத்தைந்து நிமிடம். ஏற ஒன்றே முக்கால் மணி. கோவேறு கழுதைகள் வந்தால் பள்ளத்தின் பக்கம் அல்ல, மலைச் சுவரின் பக்கம் ஒதுங்கி அசையாமல் நிற்க வேண்டும், அதற்கும் நேரம் போகும். பாதை தொடங்கும் இடத்துக்குச் சொந்தக் கார் போகாது, பூங்காவின் இலவசப் பேருந்துதான்.

இதன் பெரிய வசதி, எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம். அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. குடும்பமாகப் போனபோது அவரோடு ஊ ஆ பாயிண்ட் வரை மட்டும் போய், மொத்தம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை, இரண்டு மணி நேரத்தில் மேலே வந்துவிட்டோம். பெரிய வசதியின்மை, அது மற்ற இடங்களிலிருந்து தள்ளி இருக்கிறது. வேகஸிலிருந்து நாலரை மணி நேரம். இருட்டியபின் ஓட்டினால் சாலையில் மான்களும் எல்க்குகளும் நிற்கும், அதுவும் வலது பக்கம் ஓட்டிப் பழகாத கையில்.

பிரைஸ்: சின்னப் பாதை, பெரிய குளிர்

பிரைஸில் நடப்பது பள்ளத்தாக்கில் நடப்பது போல் இல்லை, கோயில் மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே நடப்பது போல். ஹூடூ என்று அந்தக் கல் தூண்களுக்குப் பெயர். பகலில் பனி உருகி விரிசலுக்குள் இறங்கி, இரவில் உறைந்து, விரிந்து கல்லைப் பிளக்கிறது. வருடத்தில் ஏறக்குறைய பாதி நாட்கள் இப்படித் திரும்பத் திரும்ப நடந்து செதுக்கிய சிற்பம்.

சன்ரைஸ் பாயிண்டில் இறங்கி, குவீன்ஸ் கார்டன் வழியாகத் தரைக்குப் போய், நவஹோ வளைவுகளில் ஏறி சன்செட் பாயிண்டுக்கு வருவதுதான் நல்ல திசை. மூன்று மணி நேரம் போதும், படம் எடுப்பவர் இருந்தால் நான்கு. ஏற்றம் 180 மீட்டர்தான் என்றாலும் 2,400 மீட்டர் உயரத்தில் அது புக்கிட் தீமாவைவிட இரண்டு மடங்காகத் தோன்றும்.

ஒரு கதை சொல்ல வேண்டும். அத்தானின் மலையேற்றக் காலணி ஆறு வருடங்களுக்கு முன் கினபாலு மலைக்காக வாங்கியது. அதற்கப்புறம் வீட்டுக் காப்பறையில் பெட்டியோடு இருந்தது, புதுசு மாதிரி பளபளப்பாக. குவீன்ஸ் கார்டன் பாதி தூரம் இறங்கியிருப்போம். முன்னால் போனவரின் வலது குதிகாலில் ஏதோ தொங்கியது.

"அத்தான், அங்கேயே நில்லுங்க. உங்க ஷூ வாயைத் திறந்துருச்சு."

அடிப்பாகம் முழுக்கத் தவளை வாய் போல் பிரிந்திருந்தது. கையால் தொட்டால் பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தது. பத்து நிமிடத்தில் இடது காலும் அதே. சிங்கப்பூர் ஈரக்காற்றில் வருடக்கணக்காகச் சும்மா கிடக்கும் காலணிக்கு இதுதான் கதி. அடியில் இருக்கும் பாலியூரித்தேனை ஈரம் மெல்ல மெல்லத் தின்றுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அக்கா முறுக்குப் பொட்டலத்து ரப்பர் பேண்டை மாட்டினார், அது நூறு அடி தாங்கியது. பிறகு துப்பட்டாவை நீளவாக்கில் கிழித்து இரண்டு காலையும் கட்டினோம். அக்கா மகள் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டாள். ஆனால் நவஹோ ஏற்றத்தில் நிழல் விழுந்த வளைவுகள் எல்லாம் பனிக்கட்டியாக இருந்தன. அடிப்பாகம் இல்லாத காலணியில் அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறியபோது யாரும் சிரிக்கவில்லை. அரைமணி ஏற்றம் ஒன்றரை மணி ஆனது, மேலே வந்தபோது ஐந்து மணி, சூரியன் மறையப் போகிறது, காற்று வெட்டியது.

அதுதான் நவம்பர் பிரைஸ். அக்டோபரில் பகலில் பதின்மூன்று, பதினான்கு டிகிரி, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே. நவம்பர் கடைசியில் பகலே ஐந்தாறு டிகிரிதான். நவஹோவின் வால் ஸ்ட்ரீட் என்ற இடுக்கான பகுதியைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், டூ பிரிட்ஜஸ் பக்கமாகத்தான் ஏற முடியும். காலணிக்கு மாட்டும் பனிமுள் பட்டையை அங்கேயே உள்ள கடைகளில் வாங்கலாம். நாங்கள் வாங்கவில்லை.

இவ்வளவு நடந்தும் குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பிரைஸைத்தான். பாதை சின்னது. நடக்க முடியாதவர்கள் விளிம்பிலேயே சன்ரைஸுக்கும் சன்செட்டுக்கும் இடையில் தளமிட்ட வழியில் நடந்து, கீழே போனவர்களைப் பார்த்துக் கையசைக்கலாம், அம்மா அப்படித்தான் செய்தார். பெர்மிட் இல்லை, வாடகைச் சாமான் இல்லை. ஸயானிலிருந்து இரண்டு மணி நேரம்தான்.

டெலிகேட் ஆர்ச் கேட்பவர்களுக்கு

4.8 கிலோமீட்டர், 146 மீட்டர் ஏற்றம், வெயில் நேரடியாக. யூட்டா கார் எண் பலகையில் இருக்கும் அந்தக் கல் வளைவு. நல்ல நடைதான். ஆனால் பிரைஸிலிருந்து அது இருக்கும் மோவாப் பக்கம் போக நாலரை மணி நேரம், திரும்ப அதே. ஒரு வாரப் பயணத்தில் இதற்காக இரண்டு நாளைக் காரில் கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பத்து நாளுக்கு மேல் இருந்தால் மட்டும்.

கண்ணில் படாத செலவுகள்

2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர். 16 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும். வெளிநாட்டவருக்கான ஆண்டுப் பாஸ் 250 டாலர், முன்பு எல்லோருக்கும் 80. நான்கு பெரியவர்கள் ஒரே காரில் ஸயானும் கிராண்ட் கேன்யனும் போனால், பாஸ் இல்லாமல் 800 டாலரோடு காருக்கு 35 வீதம் இன்னும் 70. பாஸ் இருந்தால் 250தான். தனி ஆள், ஒரே பூங்கா என்றால் பாஸ் வேண்டாம், 135இல் முடிந்துவிடும். டெலிகேட் ஆர்ச் இருக்கும் ஆர்ச்சஸ் பூங்கா அந்த 11இல் இல்லை, டெலிகேட் ஆர்ச்சுக்கு அது ஒரு புள்ளி கூடுதல்.

சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்காரர்களுக்கு விசா இல்லாமல் அமெரிக்கா போக எடுக்கும் எஸ்டா அனுமதியின் கட்டணம் 2025 செப்டம்பர் கடைசியில் 21இலிருந்து 40 டாலர் ஆனது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் விசா நேர்காணலுக்குத் தேதி கிடைத்த பிறகே டிக்கெட் போடுங்கள். இன்னொன்று: 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க அரசு நிர்வாகம் முடங்கியபோது பூங்காக்கள் பெரும்பாலும் திறந்திருந்தாலும் ஊழியர்கள் குறைவு. நிதியாண்டு மாறும் நாள் அக்டோபர் 1 என்பதால் அந்த வாரம் போகிறவர்கள் செய்தியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

யார் எங்கே

பிஎஸ்எல்இ விடைத்தாள் திருத்தும் நாட்களில் தொடக்கப்பள்ளிகளுக்கு விடுப்பு விடுவார்களே, அக்டோபரில் அந்த நாட்களை ஒட்டி இன்னும் சில நாள் விடுப்பு எடுத்துப் போகும் குடும்பம் என்றால், பிரைஸ். குழந்தைகள் இல்லாமல் அதே மாதம் என்றால், நேரோஸ், ஆனால் எல்லோரும் காலணி வாடகைக்கு எடுக்க ஒப்புக்கொண்டால் மட்டும். நவம்பர் விடுமுறையில்தான் முடியும் என்கிறவர்களுக்கு நான் கிராண்ட் கேன்யன் பக்கம் சாய்வேன். விளிம்பு குளிரும், முதல் வளைவுகளில் பனிக்கட்டி இருக்கலாம், ஆனால் கீழே இறங்க இறங்க வெப்பம் கூடும், எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம். வயதானவர்கள் கூட இருந்தாலும் ஊ ஆ பாயிண்ட் இருக்கிறது. ஏஞ்சல்ஸ் லேண்டிங்குக்கு ஜூலையிலேயே சீட்டுப் போட்டு வையுங்கள். பெயர் விழுந்தால் போங்கள், விழாவிட்டால் ஸ்கவுட்.

எதைத் தேர்ந்தாலும் இன்று மாலையே இரண்டு வேலை. அலமாரியிலிருந்து காலணியை எடுத்து அடிப்பாகத்தை இரண்டு கையாலும் பலமாக வளைத்துப் பாருங்கள், தூள் உதிர்ந்தால் குப்பைக்கு. அப்புறம் கேன்யன் பயிற்சி. வீவக அடுக்குமாடி புளோக்கில் கீழிருந்து படியேறிப் பழகுவார்கள் எல்லோரும், அது புக்கிட் தீமாவுக்கான பயிற்சி. நீங்கள் மின்தூக்கியில் மேல்மாடிக்குப் போய், படியில் இறங்கி, அப்புறம் ஏறுங்கள். சீடர் ரிட்ஜ் ஏற்றம் பன்னிரண்டு மாடிப் புளோக்கில் பத்து முறை. நான் ஆறாவது முறையில் மூன்றாம் மாடியில் உட்கார்ந்தபோது, எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து லிஃப்ட் கெட்டுப்போச்சா தம்பி என்று கேட்டார்.